பதவிக்குக் கட்டிய பரிவட்டம்

வாசகரின் கடிதம்

மாவட்ட வருவாய் அலுவலராக இருந்து இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்ற 62 வயது வாசகர் ஒருவர், தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பெயரையும் ஊரையும் கோயிலையும் காட்டிக்கொடுக்கும் விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வருவாய்த் துறையில் உதவியாளராகச் சேர்ந்து, 34 ஆண்டுகள் பணியாற்றிப் படிப்படியாக உயர்ந்தவர் அவர். வட்டாட்சியர் ஆன காலத்திலிருந்து, சொந்த ஊர்க் கோயிலின் பங்குனித் திருவிழாவுக்கு அவர் வரும்போதெல்லாம், ஜீப் நிற்கும் இடத்துக்கே மேளதாளத்துடன் வந்து வரவேற்று, சன்னிதிக்கு அழைத்துப் போய், பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, முதல் விபூதி கொடுத்திருக்கிறார்கள். பத்து நாள் திருவிழாவில் ஐந்தாம் நாள் மண்டகப்படி, அதாவது அன்றைய விழாச் செலவை ஏற்று நடத்தும் பொறுப்பு, அவருடைய தாத்தா காலத்திலிருந்து அவர்கள் குடும்பத்துக்கு உரியது. ஓய்வுக்குப் பிறகு ஊரிலேயே வீடு கட்டிக் குடியேறிவிட்டார்.

இந்த ஆண்டு ஐந்தாம் நாள் இரவு அவரை எதிர்கொண்டு அழைக்க யாரும் வரவில்லை. முன்கண்ணாடியில் ‘தமிழ்நாடு அரசு’ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தும், எல்லா வண்டிகளும் நிற்கும் பொட்டலிலேயே காரை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். தீபாராதனை முடிந்ததும் பரிவட்டம் அவருடைய சித்தப்பா மகனுக்குக் கட்டப்பட்டது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு விவசாயம் பார்ப்பவர் அந்தத் தம்பி. கயிற்றைத் தாண்டி உள்ளே போன வாசகரிடம் விழாக்குழு இளைஞர் ஒருவர், “ஐயா, கொஞ்சம் வரிசையில வாங்க” என்றிருக்கிறார். “நான் யார் தெரியுமா?” என்று இவர் கேட்க, “தெரியும் சார்” என்று பதில் வந்திருக்கிறது. வாக்குவாதம் முற்றியதில் குருக்களின் கையிலிருந்த விபூதித் தட்டு கீழே விழுந்தது. கை பட்டுவிட்டது என்கிறார் வாசகர். அந்த இளைஞரின் பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை கிடைத்தது தம்முடைய ஒரு தொலைபேசி அழைப்பால்தான் என்றும், அந்த நன்றிகூட இல்லாமல் போயிற்று என்றும் இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறார்.

கோயிலின் செயல் அலுவலருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா, முதல் மரியாதையை நீதிமன்றத்தின் மூலம் பெற முடியுமா, பலர் முன்னிலையில் அவமானப்படுத்தியதற்கு அவதூறு வழக்குப் போடலாமா, தட்டு விழுந்ததைப் பற்றி அவர்கள் காவல் நிலையத்துக்குப் போவதற்குள் முந்திக்கொண்டு புகார் கொடுப்பது நல்லதா என்பவை அவருடைய கேள்விகள். கடிதம் முழுவதும் பச்சை மையில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தின் அடியில் மட்டும், வேறொரு கையெழுத்தில், நீல மையில் அவருடைய மனைவி எழுதிய வரிகள் இருக்கின்றன: “இரண்டு மாதமாகச் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தாலும் இதே பேச்சுதான். ராத்திரி தூங்குவதில்லை. எங்களுக்கு என்ன வழி என்று சொல்லுங்கள்.”

என் பதில்

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பழக்கத்துக்குள் வாழ்ந்துவிட்டு, ஒரு தேதியில் அது நின்றுபோவதை எதிர்கொள்வது எளிதல்ல. கார்க்கதவைத் திறந்துவிடத் தபேதார் இருந்தார். நீங்கள் அறைக்குள் நுழைந்தால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்கும். பச்சை மையில் நீங்கள் போட்ட ஒரு கையெழுத்துக்காக மக்கள் வராந்தாவில் காத்திருந்தார்கள். அந்தக் கையெழுத்துக்கு இப்போது வங்கியில்கூட வேலை இல்லை என்பது உண்டாக்கும் வெறுமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதனால்தான், சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் எழுதி முடிக்காமல், உங்களுக்கு உரியது எது, நீங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு உரியது எது என்று பிரித்துக் காட்ட முயல்கிறேன். உங்கள் வழக்கின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

முதலில் உங்கள் கேள்விகளில் சுலபமானவற்றை முடித்துவிடுகிறேன். அவதூறு வழக்குக்கு இதில் இடமே இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின்படி, ஒருவருடைய நற்பெயருக்குக் கேடு விளைவிக்கும் நோக்கத்தோடு, அல்லது கேடு விளையும் என்று தெரிந்தே, அவரைப் பற்றி ஏதேனும் ஒரு பழி கூறப்பட்டிருக்க வேண்டும். வரிசையில் வரச் சொன்னது பழி ஆகாது. “ஐயா” என்று விளித்துச் சொல்லியிருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அரசமைப்புச் சட்டத்தின் 14ஆம் கூறு மீறப்பட்டதாகவும் கடிதத்தில் வாதிடுகிறீர்கள். அந்தக் கூறு எல்லோரையும் சமமாக நடத்தச் சொல்கிறது. அன்று இரவு உங்களுக்குக் கிடைத்தது மற்றவர்களுக்குச் சமமான இடம்தான். நீங்கள் கேட்பது அதைவிட உயர்ந்த இடம். அதை 14ஆம் கூறின் பெயரால் கேட்க முடியாது.

மரியாதை வழக்குகளில் சட்டத்தின் நிலை

இனி முக்கியமான கேள்விக்கு வருகிறேன். கோயில் மரியாதைக்காக நீதிமன்றம் போவது நம்மிடையே புதிதல்ல. ஆழ்வார்திருநகரிக் கோயிலில் தீர்த்தம் முதலிய மரியாதைகளில் யார் முந்தியவர் என்று இரண்டு ஜீயர்களுக்கு இடையே எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1961இல் தீர்ப்பானது. இன்றும் இத்தகைய வழக்குகளில் முதலில் எடுத்துக் காட்டப்படும் தீர்ப்பு அதுதான். மரியாதையை மட்டும் தனியாகக் கேட்டு உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது என்றும், கோயிலில் ஒரு பதவியை வகிப்பவர், அந்தப் பதவிக்கு ஊதியம் போல ஒட்டிவரும் மரியாதைகளைக் கேட்டு வழக்குப் போடலாம் என்றும் நீதிமன்றம் அதில் வகுத்துச் சொன்னது. பதவி என்றால் என்ன என்பதற்கும் ஓர் அளவுகோல் தந்தது. அந்தப் பதவியில் இருப்பவருக்குக் கட்டாயமான ஒரு கடமை இருக்க வேண்டும். கடமையைச் செய்யத் தவறினால் தண்டனைக்கு உள்ளாகும் நிலையும் இருக்க வேண்டும்.

இதை உங்கள் நிலையோடு பொருத்திப் பாருங்கள். அந்தக் கோயிலில் வட்டாட்சியர் என்றோ மாவட்ட வருவாய் அலுவலர் என்றோ ஒரு பதவி கிடையாது. உங்கள் கடமை வருவாய்த் துறையில் இருந்தது, கோயிலில் அல்ல. நீங்கள் பணியில் இருந்த காலத்தில் மேளதாளத்தோடு உங்களை வரவேற்றது ஊர்க்காரர்கள் விரும்பிச் செய்த உபசாரம். உபசாரம் எத்தனை ஆண்டுகள் தொடர்ந்தாலும் வழக்காறு என்னும் உரிமையாக மாறிவிடுவதில்லை. பதினைந்து ஆண்டுகள் விடாமல் நடந்தது என்ற உங்கள் வாதத்தை எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார்: உங்களுக்கு முன் அந்த மரியாதையை யார் பெற்றார், உங்களுக்குப் பின் யார் பெறுவார்? இரண்டுக்கும் பதில் இல்லை என்றால் அது வழக்காறு அல்ல.

ஓய்வு பெற்ற அதிகாரிக்கும் நெறிமுறைப்படி மரியாதை உண்டு என்று நீங்கள் நம்புகிறீர்கள். இந்தப் பிழையான நம்பிக்கையை உங்கள் நிலையில் இருந்த பலரிடம் பார்த்திருக்கிறேன். ஓய்வோடு எது வருகிறது, எது வருவதில்லை என்பதைச் சட்டம் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது. 1982 டிசம்பர் 17ஆம் நாள், டி.எஸ். நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு, ஓய்வூதியம் அரசு மனமிரங்கித் தரும் கொடை அல்ல, உழைத்தவரின் உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறோம். உங்கள் ஓய்வூதியத்தில் யாராவது ஒரு ரூபாயைக் குறைத்தால் நானே வந்து வழக்காடுவேன், அது உங்களுடையது. வண்டி, தபேதார், மேளம் ஆகியவை உங்களுடையவையாக ஒருபோதும் இருக்கவில்லை. உங்கள் அடுத்தவர் பொறுப்பேற்ற அன்று அவை அவரிடம் போய்விட்டன. அவரும் ஒரு நாள் விட்டுவிட்டுத்தான் போவார்.

மண்டகப்படி என்பது வேறு

உங்கள் கடிதத்தில் வலுவான ஒன்றும் இருக்கிறது. அதை நீங்கள் இரண்டு வரியில் கடந்துபோய்விட்டீர்கள். ஐந்தாம் நாள் மண்டகப்படி தாத்தா காலத்திலிருந்து உங்கள் குடும்பத்தைச் சேர்ந்தது என்றால், அதை ஒட்டிய மரியாதைக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தமிழ்நாடு இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டம், 1959இன் 63ஆம் பிரிவில் ஐந்தாவது உட்பிரிவு இதற்காகவே உள்ளது. வழக்காற்றின்படியோ வேறு வகையிலோ ஒரு கோயிலில் ஒருவருக்கு மரியாதை, ஊதியம், பேறு ஏதேனும் உரியதா என்பதை விசாரித்து முடிவு செய்யும் அதிகாரத்தை அது இணை ஆணையருக்கும் துணை ஆணையருக்கும் தருகிறது. அவருடைய ஆணையில் குறை இருந்தால் 69ஆம் பிரிவின்படி 60 நாள்களுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதிலும் நியாயம் கிடைக்கவில்லை என்றால்தான் உரிமையியல் நீதிமன்றம். எடுத்த எடுப்பில் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டால் 108ஆம் பிரிவைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆனால் அந்த விசாரணையில் உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி நீங்கள் யார் என்பது அல்ல. மண்டகப்படியை யார் நடத்துகிறார் என்பதுதான். உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தில் இதற்கான பதில் இருக்கிறது. சித்தப்பா காலமான பிறகு, 11 ஆண்டுகளாக ஐந்தாம் நாள் செலவைத் தம்பிதான் ஏற்று வருகிறார். அபிஷேகச் சாமான், பூ, மேளம், வாகனம் தூக்குபவர்களின் சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு வருடம் மழை பொய்த்து, வீட்டு நகையை அடகு வைத்து மண்டகப்படியை நடத்தினார் என்றும், பணம் வேண்டுமா என்று நீங்கள் கேட்டபோது, “இருக்கட்டும்ணே, பாத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால், ஐயா, அன்று இரவு பரிவட்டம் இடம் மாறிப் போகவில்லை. கடமையைச் செய்தவர் தலையில்தான் கட்டப்பட்டது. உங்கள் பாட்டனாருக்கு ஊர் செய்த மரியாதையும் இதே காரணத்துக்காகச் செய்ததுதான்.

நீங்கள் தனியாக 63ஆம் பிரிவின் கீழ் மனுக் கொடுத்தால், உங்கள் எதிர்மனுதாரர் செயல் அலுவலர் மட்டும் அல்ல, தம்பியும்தான். சாட்சிக் கூண்டில் ஏறி அவர் அடகுச் சீட்டைக் காட்டினால் உங்கள் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். தோல்வியைவிடப் பெரிய சேதம் அதற்குப் பின்னால் வரும். பரிவட்ட வழக்கு ஒன்றில் நான் இளம் வக்கீலாக இருந்தபோது சீனியருடன் ஆஜரானேன். அண்ணன் தம்பி இருவர் வாதியும் பிரதிவாதியுமாக இருந்தார்கள். வழக்கு நடந்த ஆண்டுகளில் இரண்டு வீட்டிலும் நடந்த கல்யாணங்களுக்கு ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போகவில்லை. அண்ணன் இறந்த அன்று, கொள்ளி வைக்கும் இடத்தில் தம்பி தூரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நின்று அழுதுவிட்டுப் போனாராம்; கிட்டே வரவில்லை. அதற்கடுத்த வாரமே அண்ணன் மகனை வாரிசாகச் சேர்க்க மனுத் தாக்கல் செய்தோம். அந்த மனுவை டைப் செய்தவன் நான். இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது.

நீங்கள் தவிர்க்க வேண்டிய ஆபத்துகள்

முந்திக்கொண்டு புகார் கொடுக்கும் யோசனையைத் தயவுசெய்து இன்றே கைவிடுங்கள். வழிபாட்டுக்காகச் சட்டப்படி கூடியிருக்கும் கூட்டத்தை வேண்டுமென்றே குலைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 300ஆம் பிரிவின்படி குற்றம். ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. கை தவறித்தான் பட்டது என்பதை நான் நம்புகிறேன். ஆனால் காவல் நிலையத்தில் இரண்டு புகார்கள் பதிவானால், அது தவறுதலா வேண்டுமென்றே செய்ததா என்பதை நானும் நீங்களும் முடிவு செய்ய முடியாது. திருவிழாக் கூட்டத்தில் எத்தனை பேர் கைப்பேசியில் படம் எடுத்திருப்பார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதங்களாகச் செயல் அலுவலர் புகார் கொடுக்காமல் இருக்கிறார் என்றால், அவர் உங்களுக்குச் செய்திருக்கும் மரியாதை அதுதான் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

காரின் ஸ்டிக்கரை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். சிவப்புச் சுழல் விளக்குகளே 2017 மே 1 முதல் நாடு முழுவதும் அகற்றப்பட்டுவிட்டன. 2024 மே மாதத்தில் சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை, தனியார் வண்டிகளில் உரிமையின்றி ஒட்டப்பட்ட இத்தகைய ஸ்டிக்கர்களுக்கு அபராதம் விதிக்கத் தொடங்கியது. உங்களைப் பொறுத்தவரை அபராதம் சிறிய விஷயம். பதவியில் இல்லாத ஒருவர் பதவியில் இருப்பதாகக் காட்டிக்கொண்டு, அந்தப் பதவியின் பெயரால் ஏதாவது செய்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 204ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது மட்டுமே அந்தக் குற்றம் ஆகிவிடாது. ஆனால் கோயில் அலுவலகத்துக்கு நீங்கள் எழுதி, எனக்கும் நகல் அனுப்பியிருக்கும் கடிதத்தின் தலைப்பில் ‘மாவட்ட வருவாய் அலுவலர்’ என்று மட்டும் அச்சாகியிருக்கிறது. ‘ஓய்வு’ என்ற சொல் இல்லை. ஏழு நாள்களுக்குள் விளக்கம் தர வேண்டும் என்று அதில் உத்தரவும் இட்டிருக்கிறீர்கள். பழைய தாள் மிச்சம் இருந்ததால் பயன்படுத்தியிருப்பீர்கள். இனி வேண்டாம், ஐயா. வேறொருவர் இப்படிச் செய்து உங்கள் மேஜைக்கு அந்தத் தாள் வந்திருந்தால் நீங்கள் என்ன குறிப்பு எழுதியிருப்பீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னொரு ஆபத்தை நீங்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. நம் ஊர்களில் முதல் மரியாதை என்பது தனி மனிதர் விவகாரமாக நிற்பதில்லை. யார் முதலில், யார் பிறகு என்ற கேள்வி எழுந்தால், ஒரு வாரத்துக்குள் அது எந்தச் சாதி முதலில் என்று மாறிவிடும். சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவியில் வடம் பிடிப்பதிலும் மரியாதையிலும் எழுந்த பிணக்குகள் எத்தனை வழக்குகளாக வளர்ந்தன என்பதும், பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற தேர் 2024 ஜூனில் பலத்த காவலோடு ஓடியதும் வருவாய்த் துறையில் இருந்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இப்படிப்பட்ட அமைதிப் பேச்சுவார்த்தைக் கூட்டங்களுக்கு நீங்களே தலைமை தாங்கியிருப்பீர்கள். சாதி போன்ற காரணங்களால் தீர்த்தமும் பிரசாதமும் கொடுப்பதில் பாகுபாடு காட்டக் கூடாது என்று அறநிலையச் சட்டத்தின் 106ஆம் பிரிவு சொல்கிறது. அண்மைக் காலத்தில் சென்னை உயர் நீதிமன்றமும் அதன் மதுரைக் கிளையும் பல வழக்குகளில், யாருக்கும் தனிப்பட்ட முதல் மரியாதை இல்லாமல் விழாவை நடத்தும்படி உத்தரவிட்டிருக்கின்றன. நீங்கள் கிளப்பும் வழக்கு அப்படி ஓர் உத்தரவில் முடிந்தால், உங்கள் குடும்பத்தின் ஐந்தாம் நாள் மரியாதையும் சேர்ந்தே போய்விடும்.

அந்தப் பாட்டியின் உதவித்தொகை

இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். உங்கள் கோபத்தின் வேர் பரிவட்டத்தைவிட இங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

அந்த மூதாட்டிக்கு முதியோர் உதவித்தொகை பெறும் தகுதி இருந்ததா, இல்லையா? இருந்தது என்றால், அது அவருக்கு அரசு கொடுத்தது. நீங்கள் கொடுத்தது அல்ல. நீங்கள் கொடுத்தது ஒரு தொலைபேசி அழைப்பு. அது நல்ல மனத்தோடு செய்த காரியம், அதற்கு நன்றி உரியது. ஆனால் மனு கிடப்பில் இருந்தது, ஊர்க்காரர் ஒருவர் அதிகாரியாக இருந்ததால் நகர்ந்தது என்றால், அந்த வட்டாட்சியர் அலுவலகத்தில் தொலைபேசி செய்ய ஆள் இல்லாத மற்ற மூதாட்டிகளின் மனுக்கள் அன்றும் கிடப்பிலேயே இருந்தன. வரிசையைத் தாண்டிச் செல்ல ஒருவருக்கு நீங்கள் உதவினீர்கள். அந்த வீட்டுப் பையன் இப்போது உங்களை வரிசையில் வரச் சொல்கிறான் என்பது உங்களுக்கு நன்றிகெட்டதனமாகத் தெரிகிறது. கோயிலில் அன்று இரவு நின்ற கூட்டத்தில் பேரக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரமாகக் காத்திருந்த ஒரு பெண்ணுக்கு, அந்தப் பையன் தன் வேலையைச் சரியாகச் செய்வதாகத் தெரிந்திருக்கும்.

அவன் உங்களை அறியாதவன்போல நடந்துகொள்ளவும் இல்லை. “தெரியும் சார்” என்றான். நீங்கள் அதை இடக்குப் பேச்சாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்களைத் தெரியும், உங்கள் மேல் மரியாதையும் இருக்கிறது, ஆனாலும் வரிசை இது என்றுதான் அந்த இரண்டு சொற்களும் சொல்கின்றன. பணியில் நேர்மையாக இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். யாருடைய சிபாரிசுக்கும் வளையாமல் ஆக்கிரமிப்பை அகற்றியதற்காக ஒருமுறை இடமாற்றம் செய்யப்பட்டதையும் சொல்லியிருக்கிறீர்கள். அன்று உங்கள் முன் வந்து “நான் யார் தெரியுமா?” என்று கேட்டவரிடம் நீங்கள் சொன்ன பதிலும் இதேதானே? உங்கள் வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் பக்கம் அது.

இனி என்ன செய்யலாம்

நோட்டீஸ் வேண்டாம். தம்பியின் வீட்டுக்குப் போங்கள். யார் யாரை முதலில் பார்ப்பது என்ற கணக்கை இதில் பார்க்காதீர்கள். மூத்தவர் நீங்கள் என்பதால் முதலில் போவதில் உங்களுக்குக் குறைவு ஒன்றும் இல்லை. மண்டகப்படிக் கணக்கு நோட்டு அவரிடம் இருக்கும். கேட்டு வாங்கிப் பாருங்கள். கட்டளைப் பத்திரமோ, பழைய திருவிழா அழைப்பிதழ்களோ, உபயதாரர் ரசீதுகளோ தாத்தாவின் பெட்டியில் இருந்தால், அவற்றை வருட வாரியாக அடுக்கி வையுங்கள். நாளை கோயில் நிர்வாகம் மாறி, ஐந்தாம் நாளையே வேறு யாருக்கேனும் ஒதுக்கினால், 63ஆம் பிரிவின் கீழ் இருவரும் சேர்ந்து மனுக் கொடுக்க அவைதான் ஆதாரம். குடும்பத்தின் பெயரால், தம்பியை முதல் மனுதாரராகக் கொண்டு வரும் வழக்கு என்றால் அதை நடத்த நான் தயங்க மாட்டேன். அடுத்த ஆண்டுச் செலவில் பாதியை ஏற்க விரும்பினால் அதையும் சொல்லுங்கள். அவர் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம்.

குருக்களை ஒரு காலை வேளையில், கூட்டம் இல்லாதபோது போய்ப் பாருங்கள். தட்டு விழுந்ததற்கு வருத்தம் தெரிவியுங்கள். சட்டக் கண்ணோட்டத்திலும் இது உங்களுக்குப் பாதுகாப்பானது. ஆனால் அதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. திருவிழா நடுவில் சாமி விபூதி தரையில் சிந்தியது அவர் மனத்தையும் உறுத்திக்கொண்டிருக்கும்.

கோயிலில் உங்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்ற ஆசை தவறானது அல்ல. அதைக் கடமையின் வழியாகப் பெறுவதற்கு வாய்ப்பு இருக்கிறது. பரம்பரை அறங்காவலர் இல்லாத கோயில் என்றால், மூவர் முதல் ஐவர் வரை கொண்ட அறங்காவலர் குழு நியமிக்கப்படும். அதில் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினர் ஒருவரும் பெண் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். பதவிக்காலம் இரண்டு ஆண்டுகள். அறிவிப்பு வரும்போது நீங்களும் விண்ணப்பிக்கலாம். அதற்கு முன்னாலேயே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊர்க் கோயில் நிலங்களில் எவ்வளவு இன்னும் கோயில் பெயரில் பட்டாவாக இருக்கிறது, எவ்வளவு குத்தகை நிலுவை நிற்கிறது, எந்தப் புல எண்ணில் எல்லைக் கல் காணாமல் போயிருக்கிறது என்பதை, நில அளவைப் பதிவேட்டையும் சிட்டாவையும் அடங்கலையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்ல ஊரில் உங்களைவிடத் தகுதியானவர் இல்லை. செயல் அலுவலரிடம், உதவி தேவைப்பட்டால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவர் அழைக்காமலும் போகலாம். அதற்கும் தயாராகத்தான் நீங்கள் போக வேண்டும். உடனே அழைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு போனால் இதே காயம் மறுபடியும் வரும்.

அம்மா எழுதிய நீல மை வரிகளுக்கு ஒரு வார்த்தை. இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை, ஒரே பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அது வக்கீலிடம் மட்டும் கொண்டுவர வேண்டிய விஷயம் அல்ல. ஓய்வுக்குப் பிறகு வரும் மனச்சோர்வு பலருக்கும் கோபமாகத்தான் வெளிப்படும். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒரு முறை காட்டுங்கள். நேரில் போகத் தயக்கம் என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஐயா முதலில் மறுப்பார். உங்கள் இரத்த அழுத்த மாத்திரைக்காக மருத்துவமனைக்குப் போகும் நாளில் அவரையும் உடன் அழைத்துப் போவது சுலபமாக இருக்கும். அங்கே சீட்டு வாங்கும் வரிசையில் இருவரும் சேர்ந்து நில்லுங்கள். உள்ளே யாரையும் தெரியும் என்று சொல்லி அனுப்ப வேண்டாம்.

அடுத்த பங்குனிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. கணக்கு நோட்டைப் பார்த்த பிறகு எனக்கு எழுதுங்கள். எந்த வருடத்திலிருந்து ரசீதுகள் இருக்கின்றன என்பதைக் குறிப்பிட்டால் போதும்.